தேயும் கம்பியும் தேயாத அலையும்: விளையாட்டுச் சில்லின் ஓசை பியானோவோடு சேரும் முறை

1. பொருளும் எல்லையும்

பியானோவில் ஒரு கட்டையை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும், ஓசை பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கிவிடும். வாசிப்பவரால் அதைத் தடுக்க முடியாது. 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் சில்லில் ஒரு சுரத்தை எழுப்பினால், நிறுத்தச் சொல்லும் வரை அது இம்மியும் குறையாமல் நிற்கும். இவை இரண்டையும் ஒரே அரங்கில், ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எல்லையைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு இசையைப் பியானோவுக்கு மாற்றி எழுதும் மரபு வேறு. ஃபைனல் ஃபேன்டஸி வரிசைக்கு 1992 முதல் வந்த ‘பியானோ கலெக்ஷன்ஸ்’ தொகுப்புகள் அந்த வகை. அங்கே சில்லு விலகிக்கொள்ள, பியானோ தனியாக நிற்கிறது. நான் எடுத்துக்கொள்வது இரண்டும் விலகாமல் நிற்கும் இசையை.

இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒலிநிறமே முன்னால் வருகிறது. ஒன்று மரமும் கம்பளியும் இரும்பும் சேர்ந்த ஓசை, மற்றது மின்சுற்றின் ஓசை, ஆகவே ஒட்டாது என்பார்கள். ஒலிநிறத்தில் இவை நாம் நினைப்பதைவிட நெருங்கிய உறவினர் என்பதும், உண்மையான சிக்கலும் உண்மையான வாய்ப்பும் ஓசை தேயும் விதத்தில் இருக்கின்றன என்பதும் என் வாதம்.

2. சில்லின் அங்கங்கள்

ஃபேமிகாமின் ஒலிப்பகுதி, ரிகோ நிறுவனம் செய்த 2ஏ03 என்ற மையச் செயலிக்குள்ளேயே அடங்கியது. அதில் ஐந்து தடங்கள்: இரண்டு துடிப்பலைகள், ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், பதிவுசெய்த சிறு துண்டுகளை ஒலிக்க ஒன்று. துடிப்பலை என்பது மேலும் கீழுமாக இரண்டே நிலைகளில் தாவும் அலை. ஒரு சுற்றில் அது மேல்நிலையில் இருக்கும் பங்கை 12.5, 25, 50, 75 விழுக்காடு என நான்கு விதமாக வைக்கலாம். 25, 75 இரண்டும் ஒன்றின் தலைகீழ் மற்றொன்று. காதுக்கு வேறுபாடு தெரியாது. ஆக, கையில் இருப்பவை மூன்று நிறங்கள்தாம். ஓசையின் அளவுக்கு 0 முதல் 15 வரை பதினாறு படிகள். முக்கோண அலைக்கு அந்தப் படிகளும் இல்லை. ஒலிக்கும், அல்லது ஒலிக்காது.

1989இல் வந்த கேம் பாய் இதன் நெருங்கிய உறவு: இரண்டு துடிப்பலை, ஓர் இரைச்சல், முக்கோணத்தின் இடத்தில் நாமே 32 புள்ளிகளில் வரைந்துகொள்ளும் ஓர் அலை. 1982இன் கமடோர் 64இல் பாப் யானஸ் வடிவமைத்த சிட் சில்லு இவற்றைவிட வளமானது. மூன்றே குரல்கள்தாம், ஆனால் அதற்குள் வடிகட்டியும் உண்டு. அதே ஆண்டின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் இதற்கு நேர் எதிர். 48கே வகையில் தனி ஒலிச் சில்லே கிடையாது, ஒற்றை பிட்டை ஏற்றி இறக்கிக் கத்தும் ஒரு சிறு ஒலிப்பான் மட்டும். இந்த ஒற்றை பிட் பின்னால் ஓரிடத்தில் மீண்டும் வரும்.

தமிழ்நாட்டில் 1990களில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் வீடுகளுக்குள் வந்தவை பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்கள். நகல் சில்லுகள் சிலவற்றில் 25, 50 விழுக்காட்டு அலைகள் இடம் மாறியிருந்தன. அத்தகைய கருவியில் மரியோவைக் கேட்டு வளர்ந்தவரின் காதில் பதிந்த ஓசை, கியோட்டோவில் அதை எழுதிய கோஜி கோண்டோ நினைத்த ஓசை அல்ல. சில்லிசையின் ‘அசல் நிறம்’ என்று யாராவது உறுதியாகப் பேசினால் எனக்கு இதுவே நினைவுக்கு வரும்.

3. எட்டில் ஒரு பங்கு

12.5 விழுக்காடு என்றால் எட்டில் ஒன்று. ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு மட்டும் மேலே நிற்கும் துடிப்பலையைப் பகுத்துப் பார்த்தால், அதன் சீரிசைகளில், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்குகளில், 8ஆவது, 16ஆவது, 24ஆவது ஆகியவை அறவே இல்லை. 25 விழுக்காட்டில் ஒவ்வொரு நான்காவதும், 50இல் ஒவ்வொரு இரண்டாவதும் இல்லாமற்போகும். நாசியில் பேசுவது போன்ற அந்த மெல்லிய ஓசைக்கும், குடைவான சதுர அலைக்கும் உள்ள வேறுபாடு இந்தக் குழிகள்தாம்.

இனி பியானோவைத் திறந்து பாருங்கள். சுத்தியல் கம்பியை நடுவில் அடிப்பதில்லை, ஒரு முனைக்கு அருகே அடிக்கிறது. கருவிக்குக் கருவி சற்று மாறினாலும், கீழ், நடு ஸ்தாயிகளில் அந்த இடம் கம்பியின் நீளத்தில் ஏழில் ஒரு பங்குக்கும் ஒன்பதில் ஒரு பங்குக்கும் இடையே அமைகிறது. எட்டில் ஒரு பங்கு தொலைவில் அடித்தால் அந்த இடம் 8ஆவது சீரிசையின் கணு. அசையாப் புள்ளியில் அடித்து எந்த அதிர்வையும் எழுப்ப முடியாது. ஆகவே 8ஆவது சீரிசை நலிந்துவிடுகிறது. சுத்தியலுக்கு அகலம் உண்டு, கம்பளித் தலைக்கு மென்மை உண்டு என்பதால் முற்றாக மறையாது. ஆனால் குழி விழும் இடம் ஒன்றே.

இரண்டுக்கும் கணக்கு ஒன்று. நேரத்தில் எட்டில் ஒரு பங்கை வெட்டி எடுத்த அலைக்கும், நீளத்தில் எட்டில் ஒரு பங்கில் அடிபட்ட கம்பிக்கும் ஒரே சீப்பின் பற்கள் விழுகின்றன. மூன்று நிறங்களில் 12.5ஐப் பியானோவின் நடு ஸ்தாயியோடு சேர்த்து ஒலித்தால் மற்ற இரண்டையும்விட அது எளிதாகக் கலப்பதைக் கேட்கலாம். 50 விழுக்காட்டுச் சதுர அலையோ கிளாரினெட்டைப் போலத் தனித்து நிற்கும். தனித்து நிற்க வேண்டிய மெட்டுக்கு அதுவே நல்லது.

ஓர் இடத்தில் இந்த ஒப்புமை முறியும். கட்டையைக் கடுமையாக அடித்தால் பியானோவின் ஓசை பெரிதாவதோடு கூர்மையும் ஆகிறது. கம்பளித் தலை அழுந்தி இறுகுவதால் மேற்சுரங்கள் கூடுகின்றன. சில்லில் 4ஆம் படியிலிருந்து 15ஆம் படிக்கு ஏற்றினாலும் நிறம் துளியும் மாறாது. பியானோ உயரும் இடங்களில் சில்லும் கூடவே உயர வேண்டுமானால் படியை மட்டும் ஏற்றினால் போதாது; அலையின் பங்கையும் 50இலிருந்து 25க்கு, 25இலிருந்து 12.5க்கு ஒடுக்கிக்கொண்டு போக வேண்டும்.

4. சுருதி

4.1 மேல் எல்லை

சில்லு எந்த அதிர்வெண்ணையும் நேராக உண்டாக்குவதில்லை. ஒரு கடிகாரத் துடிப்பை முழு எண்ணால் வகுத்து எடுக்கிறது. அமெரிக்க, ஜப்பானியக் கருவிகளில் அந்தக் கடிகாரம் நொடிக்கு 17,89,773 துடிப்பு. துடிப்பலைக்கு அது முதலில் 16ஆல் வகுபடும். 440 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் 254ஆல் வகுக்க 440.4 கிடைக்கும். குறையில்லை. பியானோவின் கடைசிக் கட்டை 4,186 ஹெர்ட்ஸ். அங்கே 27ஆல் வகுத்தால் 4,143, 26ஆல் வகுத்தால் 4,302. இடையில் எதுவும் கிடையாது. அருகிலுள்ள 4,143ஐ எடுத்துக்கொண்டாலும், அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் 18 பங்கு, அதாவது 18 சென்ட், இறங்கி ஒலிக்கும்.

பியானோ அதே இடத்தில் எதிர்த்திசையில் போகிறது. எஃகுக் கம்பிக்கு விறைப்பு உண்டு. அதனால் அதன் மேற்சுரங்கள் அடிப்படையின் துல்லிய மடங்குகளாக அமையாமல், மேலே போகப் போகச் சற்றுக் கூடுதலாக நிற்கும். சுருதி சேர்ப்பவர் அந்த மேற்சுரங்களை வைத்தே ஸ்தாயிகளை ஒன்றோடொன்று பொருத்துவதால், மேல் கட்டைகள் கணக்கைவிட ஏறியும் கீழ்க் கட்டைகள் இறங்கியும் அமைகின்றன. ஒன்று ஏற, ஒன்று இறங்க, உச்சியில் இரண்டும் ஒரே சுரத்தைப் பிடித்தால் காதில் விழுவது பிணக்கு. மேல் இரண்டு ஸ்தாயிகளில் சில்லும் பியானோவும் ஒரே சுரத்தைச் சேர்ந்து ஒலிக்கலாகாது என்பதை இதிலிருந்து பெறுகிறோம்.

நடுவில் நிலைமை வேறு. துடிப்பலையின் சீரிசைகள் துல்லிய மடங்குகள், கம்பியின் மேற்சுரங்கள் சற்றே கூடியவை. அடிப்படைச் சுரம் பொருந்தியிருக்க, மேலே மட்டும் மெல்லிய விம்மல்கள் எழுகின்றன. இது குறை அல்ல என்பது என் துணிபு. பியானோவின் பெரும்பாலான கட்டைகளுக்கு ஒன்றுக்கு மூன்றாகக் கம்பிகள் உண்டு. அவற்றுக்கிடையேயான நுண்ணிய வேறுபாடே அதன் ஓசைக்கு உயிர். சில்லு அங்கே நான்காவது கம்பியாகிவிடுகிறது.

4.2 கீழ் எல்லை

முக்கோண அலை துடிப்பலையைவிட ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். அதன் அடி 27.3 ஹெர்ட்ஸ். பியானோவின் முதல் கட்டை 27.5. யாரும் திட்டமிடாமலேயே இரண்டின் தரையும் ஏறக்குறைய ஓரிடத்தில் அமைந்துவிட்டது. 12 சென்டுதான் இடைவெளி. சுருதி சேர்ப்பவர் முதல் கட்டையை அதற்கும் கீழே இறக்கி வைத்திருந்தால் சில்லால் அங்கே வர முடியாது.

இந்தக் கடைசி ஸ்தாயியில் சேர்க்கை மிக நன்றாக அமையும். பியானோவின் ஒலிப்பலகையால் 27 ஹெர்ட்ஸ் அதிர்வைக் காற்றில் பரப்ப முடிவதில்லை. நாம் கேட்பது மேற்சுரங்களை. அடிப்படையை மனம் ஊகித்துக்கொள்கிறது. முக்கோண அலையிலோ அடிப்படையே மிகுதி, மேற்சுரங்கள் சொற்பம். ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கிறது. அலை 32 படிகளாக வெட்டப்பட்டிருப்பதால் 31, 33ஆம் சீரிசைகளில் ஒரு மெல்லிய ரீங்காரம் வரும். முதல் கட்டையில் அது 850இலிருந்து 910 ஹெர்ட்ஸ் வரையிலான இடம். நல்ல பெரிய ஒலிபெருக்கி வேண்டும். பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கியில் இந்த அடித்தளம் இருப்பதே தெரியாது.

5. தேய்வு

5.1 இரண்டு வகைத் தேய்வு

பியானோவின் ஓசை நேர்கோட்டில் தேய்வதில்லை. முதலில் விரைந்து சரிந்து, பிறகு மெதுவாக நீள்கிறது. கேப்ரியேல் வைன்ரைக் 1977இல் இதை விளக்கினார். ஒரே கட்டையின் மூன்று கம்பிகளும் முதலில் சேர்ந்து அசைந்து, தங்களைத் தாங்கும் பாலத்தைத் தள்ளி ஆற்றலை விரைவாக இழக்கின்றன. நுண்ணிய சுருதி வேறுபாட்டால் அவை ஒன்றுக்கொன்று எதிராக அசையும் நிலைக்கு வந்ததும் பாலத்தின் மேல் தள்ளு குறைந்து, எஞ்சிய ஆற்றல் கம்பியிலேயே தங்குகிறது. அடியின் ஓசை போன பிறகு பாடும் ஓசை நிற்பது இதனால்.

சில்லுக்குள் ஒரு தேய்வு உண்டு: 15, 14, 13 எனச் சம இடைவெளியில் இறங்குவது. பியானோவின் அருகே வைத்தால் இது படிக்கட்டில் உருளும் பந்துபோல் கேட்கும். ஆகவே சில்லிசைஞர்கள் தேய்வைத் தாங்களே எண்களாக எழுதுகிறார்கள். பியானோவை ஒட்டி எழுத முயன்றால் 15, 12, 10, 8, 6, 5, 4, 3, 3, 2, 2, 2, 1 என்று வரும். முதல் சரிவு சரியாக அமைந்துவிடும். சிக்கல் வாலில். 2இலிருந்து 1க்கு இறங்குவது ஓசை பாதியாவது, ஏறக்குறைய 6 டெசிபல். 1இலிருந்து 0க்கு இறங்குவது கத்தரிப்பு. பியானோவின் வாலோ அந்த 1க்கும் கீழே, பல நொடிகள் நடந்துபோகிறது.

ஒருமுறை இதைக் கையில் எடுத்துச் செய்து பார்த்தேன். நடு ஸ்தாயியின் ஒரு சுரத்தைச் சில்லு மேற்கண்ட எண்களோடு ஒலிக்க, அதே சுரத்தைப் பியானோவில் மெல்ல, மிக மெல்ல அடித்தேன். தொடக்கத்தில் பியானோ கேட்கவே இல்லை. சில்லின் கூர்மை அதை மூடிவிட்டது. 3, 2 என்று படிகள் இறங்கியபோது எங்கிருந்தோ மரத்தின் ஓசை மேலே வந்தது. 0 விழுந்த இடம் தெரியவில்லை. சில்லு நின்றுவிட்டது, சுரம் நிற்கவில்லை. மின்னோசை கம்பியோசையாக மாறி முடிந்தது போலிருந்தது. அடுத்து மாற்றிச் செய்தேன்: பியானோ பலமாகத் தொடங்க, அதன் சரிவுக்குள் சில்லு 1, 2, 3 என்று ஏறியது. இப்போது பியானோ வளர்ந்தது. எந்தப் பியானோவும் செய்ய இயலாத காரியம் அது.

5.2 பங்கீடு

இதிலிருந்து எழுதும் முறை ஒன்று பிறக்கிறது. நீளும் சுரம், வளைவு, அசைவு சில்லுக்கு உரியவை. பியானோவின் கட்டை வளையாது. சில்லில் வகுக்கும் எண்ணை மெல்ல மாற்றினால் சுரம் வழுக்கும், ஆடும். எதிரொலியும் நீளும் வாலும் பியானோவுக்கு உரியவை. சில்லுக்குத் தனக்கென்று ஓர் அறை கிடையாது. பழைய இசையமைப்பாளர்கள் எதிரொலிக்காக இரண்டாவது துடிப்பலையையே பலி கொடுத்தார்கள்: அதே மெட்டைச் சற்றுப் பிந்தி, மெலிதாக ஒலிப்பார்கள். பெடலை மிதித்த பியானோ பக்கத்தில் இருந்தால் அந்தச் செலவு வேண்டாம். ஒரு தடம் மிச்சமாகும்.

ஆர்பெஜியோவுக்கும் இங்கே இடம் உண்டு. மூன்று சுரங்களை ஒரே தடத்தில் நொடிக்கு அறுபது முறை மாற்றி மாற்றி ஒலித்து, கார்டு என்று காதை நம்ப வைப்பது சில்லிசையின் தனி முத்திரை. எந்த விரலும் அந்த வேகத்தை எட்டாது. ஆனால் அதே கார்டைப் பியானோ ஒரே அடியில் கொடுத்துவிட்டு விலகி, சில்லு அதை மினுக்கிக்கொண்டே நீட்டினால், ஒன்று மற்றதன் விளக்கமாகிறது. தடங்கள் போதாததால் பிறந்த உத்தி, பியானோ வந்து சேர்ந்த பிறகும் தன் அழகால் நிலைக்கிறது.

6. முன்னோர் இருவர்

சில்லிசையாளர்கள் இந்தச் சிக்கலை முதலில் கண்டவர்கள் அல்லர். அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மரியோ டேவிடோவ்ஸ்கி, பியானோவுக்கும் நாடாவில் பதிவான மின்னொலிக்குமாக 1970இல் எழுதிய ‘சிங்க்ரனிசம்ஸ் எண் 6’ அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. அதன் தொடக்கம் பியானோவின் ஒற்றைச் சுரம். அது தேயும்போது மின்னொலி அதே சுரத்தை ஏந்தி வீங்கச் செய்கிறது. விளையாட்டுச் சில்லுகள் பிறக்கும் முன்பே தேய்வுதான் மையம் என்பதை ஒருவர் முதல் நொடிகளிலேயே எழுதிக் காட்டிவிட்டார்.

அடுத்தவர் நியூயார்க்கின் டிரிஸ்டன் பெரிச். இவர் கையாள்வது ஒற்றை பிட் ஒலி, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தின் சிறு ஒலிப்பான் பேசிய அதே மொழி. குறுந்தகட்டு உறைக்குள் ஒரு நுண்சில்லையும் காதொலிப்பான் துளையையும் வைத்து 2010இல் ‘1-பிட் சிம்ஃபனி’ வெளியிட்டார். தகடு கிடையாது, சில்லே ஒவ்வொரு முறையும் இசையை உண்டாக்கும். அவருடைய ‘சர்ஃபேஸ் இமேஜ்’ தனிப் பியானோவுக்கும் 40 தட ஒற்றை பிட் ஒலிக்குமாக எழுதப்பட்டது. விக்கி சௌ வாசித்த பதிவு 2014இல் வந்தது; ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும்.

என் பார்வையில் இத்துறையின் பெரும் படைப்பு இது. பியானோவின் இரு பக்கமும் நாற்பது வெற்று ஒலிபெருக்கிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே குரல். ஓசைகளைக் கலந்து ஒரு பெட்டிக்குள் அனுப்பும் வழக்கத்தை விட்டதால் ஒவ்வொரு அலையும் காற்றில் தனக்கென ஓரிடத்திலிருந்து, ஒரு கம்பியைப் போலவே, பிறக்கிறது. விரைந்து திரும்பத் திரும்ப வரும் சுரக்கோவைகளில் பியானோ தேய நேரமே இல்லாமல் போக, அடிகள் நெருங்கி நெருங்கி ஒரு நீள்சுரம் ஆகின்றன. மின்னொலியும் குறுகக் குறுக நறுக்கப்பட்டு அடிகளாகிறது. டேவிடோவ்ஸ்கி ஒரு சுரத்துக்குள் செய்ததைப் பெரிச் ஒரு மணி நேரப் பரப்பில் செய்கிறார். சில இடங்களில் எது விரல், எது பிட் என்று நான் தேடுவதை விட்டிருக்கிறேன்.

7. அரங்கில்

காலக்கணக்கு பற்றிச் சுருக்கமாக. விளையாட்டு நிரல்கள் இசையைத் திரைச் சட்டத்துக்கு ஒருமுறை நகர்த்துகின்றன, நொடிக்கு ஏறத்தாழ 60. கால் அடிக்கு 6 சட்டம் என்றால் நிமிடத்துக்கு 150 அடி, 7 என்றால் 128.6. இடைப்பட்ட காலம் வேண்டுமானால் 6, 7 என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். அது ஒரு சிறு நொண்டலைத் தரும், பல சமயம் விரும்பத்தக்க நொண்டல். இதே இசை 50 சட்டத் தொலைக்காட்சி நாடுகளில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. சில்லு காது கொடுக்காது என்பதால் பியானோ வாசிப்பவரே அதன் பிடியில் இருக்க வேண்டியிருக்கிறது. காலத்தைத் தளர்த்த விரும்புகிற இடங்களில், வாசிப்பவர் காலால் ஓர் அழுத்தியை மிதிக்கும் வரை ஒரே துண்டு சுழன்றுகொண்டிருக்கும்படி நிரலை அமைத்துக்கொள்ளலாம். அதற்கும் மேலே போய், இயந்திரத்தை மனிதரைப் பின்தொடர வைக்கும் முயற்சிகள் எனக்கு ஈர்ப்பாக இல்லை. சில்லின் விடாப்பிடியே அதன் குணம்.

ஒலிபெருக்கியை எங்கே வைப்பது என்பதில்தான் அதிகம் கவனம் வேண்டும். மேடையின் இரு ஓரங்களில் வைத்தால் சில்லு வேறு அறையில் இருப்பது போலாகிவிடும். பியானோவின் அடியிலோ, நிமிர்ந்த பியானோவானால் அதன் முதுகில் ஒலிப்பலகையை ஒட்டியோ வைத்துப் பார்க்க வேண்டும். நான் ஒரு சிறிய ஒலிபெருக்கியை அப்படி முதுகில் சாய்த்து, கேம் பாயை அதில் செருகி, வலது பெடலை முழுக்க மிதித்துக்கொண்டு 440 ஹெர்ட்ஸ் சதுர அலையை ஒலிக்கவிட்டேன். கட்டை எதையும் தொடவில்லை. சதுர அலை அறையை நிறைத்தது. மூன்று நொடி கழித்துக் கேம் பாயின் விசையை அணைத்தேன். 440க்கான கம்பிகள் ஒத்ததிர்ந்தன. அதற்கு ஒரு ஸ்தாயி கீழ், இரண்டு ஸ்தாயி கீழ் உள்ளவையும் தங்கள் மேற்சுரங்களால் அதைப் பிடித்திருந்தன. சதுர அலையின் மூன்றாம் சீரிசையை மேலே பஞ்சமத்துக் கம்பி எடுத்துக்கொண்டது. அடியே படாத கம்பிகள், கூர்மை கழிந்த அந்த ஓசையைப் பாடிக்கொண்டிருந்தன. பெடலிலிருந்து காலை மெதுவாக எடுத்தபோது, அடக்கிகள் இறங்கி ஓசை அடங்கியது. அடக்கியே இல்லாத உச்சிக் கம்பிகள் மட்டும் இன்னும் சற்று நேரம் மினுங்கின.